சவுத் ஃபோர்க் அணையும் ஜான்ஸ்டவுன் நகரின் அழிவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலிகேனி மலைச்சாரலில் ஜான்ஸ்டவுன் என்னும் இரும்பாலை நகரம் உண்டு. 1889ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் மாலை நான்கு மணி கடந்த சிறிது நேரத்தில் அந்நகரைப் பெருவெள்ளம் அழித்தது. மாண்டோர் 2,209 பேர் என்பது கணக்கு. அன்று பெருமழை பெய்தது மெய்யே. ஆயினும் ஊரைக் கொண்டுபோனது மழைநீர் அன்று. பதினான்கு மைல் மேலே, செல்வர் சிலர் மீன்பிடித்து மகிழ்வதற்கென வைத்திருந்த ஏரியின் நீர்.

அந்த ஏரிக்கரை தொடக்கத்தில் பொதுச் சொத்தாகவே இருந்தது. கோடைக்காலத்தில் கால்வாய்ப் படகுகளுக்கு நீர் வேண்டி மாநில அரசாங்கம் 1838இல் வேலையைத் தொடங்கியது. பணமின்றி இடையிடையே நின்று, 1853இல்தான் பணி முடிந்தது. நீளம் 931 அடி, உயரம் 72 அடி. முழுதும் மண்ணும் கல்லும். அடியில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் பதித்த மதகு. ஒரு பக்கத்தில் மிகைநீர் வழிந்தோடப் பாறையை வெட்டி அமைத்த கலிங்கு. மண்ணணைக்கு இவ்விரண்டுமே உயிர். கல்லணையின் மேல் நீர் வழிந்தால் அது பெரும்பாலும் தாங்கி நிற்கும். மண்ணணையின் மேல் வழிந்தாலோ ஓடும் நீர் புறச்சரிவை அரித்து, அரித்த பள்ளத்தில் மேலும் விரைந்து பாய்ந்து, சில மணி நேரத்தில் கரையையே அறுத்துவிடும்.

அணை முடிந்த வேளையில் புகைவண்டிப் பாதை வந்துவிட்டது, கால்வாய்க்கு வேலையில்லை. 1857இல் அரசாங்கம் கால்வாயோடு அணையையும் புகைவண்டிக் கம்பெனிக்கு விற்றது. 1862இல் மதகருகே கரை உடைந்தது. ஏரியில் நீர் குறைவாயிருந்தமையால் கேடு பெரிதில்லை. உடைந்ததைக் கட்டுவாரும் இல்லை. 1875இல் அதை வாங்கிய ஜான் ரெய்லி என்னும் அரசியல்வாதி, அடியிலிருந்த இரும்புக் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். அன்று முதல் அந்த ஏரிக்கு மதகே இல்லை என்றாயிற்று. கரையில் பழுது கண்டாலும் நீரை இறக்கிச் செப்பனிட வழியில்லை. பழைய இரும்புக்காக ஒரு பள்ளத்தாக்கின் காவலையே விற்ற செயல் இது.

1879இல் பெஞ்சமின் ரஃப் என்பவர் அதை வாங்கி, பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வர்களுக்கென ஒரு மீன்பிடி, வேட்டைச் சங்கம் அமைத்தார். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக், ஆண்ட்ரூ மெலன் முதலானோர் அதில் உறுப்பினர். உடைப்பைக் கல், மண், புதர், வைக்கோல், சாணம் எனக் கைக்குக் கிடைத்ததைக் கொட்டி அடைத்தனர். குதிரை வண்டிகள் கரைமேல் செல்ல அகலம் வேண்டி, உச்சியைச் சில அடி வெட்டித் தாழ்த்தினர். நடுப்பகுதியோ தானே சற்று அமிழ்ந்திருந்தது. ஆகவே கலிங்கு மட்டத்துக்கும் கரையுச்சிக்கும் இடையே இருந்த பாதுகாப்பு உயரம் குன்றிப்போயிற்று. விலை கொடுத்து வாங்கிவிட்ட மீன்கள் வெளியேறாதபடி கலிங்கின் குறுக்கே இரும்பு வலைகளையும் நாட்டினர்.

எச்சரித்தவர் இல்லாமலில்லை. ஜான்ஸ்டவுனில் கேம்பிரியா இரும்பாலைத் தலைவராயிருந்த டானியல் மாரல், 1880இல் ஜான் ஃபுல்டன் என்னும் பொறியியலாளரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். நீர்போக்கும் குழாய் இல்லை, செப்பனிட்ட முறையும் சரியில்லை என்று அவர் அறிக்கை தந்தார். உங்களுக்கு எங்களால் ஆபத்து எதுவுமில்லை என்னும் பொருள்பட ரஃப் மறுமொழி எழுதினார். செலவில் பங்கு தருவதாகக்கூட மாரல் சொல்லிப் பார்த்தார், பயனில்லை. கடைசியில் அவரே சங்கத்தில் உறுப்புரிமை வாங்கினார். 1885இல் அவர் இறந்தார். ஈராண்டு கழித்து ரஃபும் இறந்தார். அணை அப்படியே இருந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அணை உடையப்போகிறது என்று பேச்சு எழும், உடையாது, ஊரார் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டனர்.

மே 31ஆம் நாள் காலையில் ஏரி விடாமல் உயர்ந்தது. சங்கத் தலைவர் அங்கர், ஆட்களைக் கொண்டு உச்சியில் மண் ஏற்றவும், மறுபக்கத்தில் இன்னொரு கலிங்கு வெட்டவும் முயன்றார். வலைகளில் மரக்கிளைகளும் குப்பையும் அடைத்துக்கொண்டன. அகற்ற முனைந்தபோது காலம் கடந்திருந்தது. ஜான் பார்க் என்னும் இளம் பொறியியலாளர் குதிரையேறிச் சவுத் ஃபோர்க் ஊருக்கு விரைந்து செய்தி சொன்னார். தந்திகளும் கீழே போயின. ஆனால் பல முறை கேட்ட பழங்கதை என்றே அவற்றைக் கொண்டனர். மூன்று மணியளவில் கரையின் நடுப்பகுதி பெயர்ந்தது. நீர், மரங்களையும் வீடுகளையும் புகைவண்டி எஞ்சின்களையும் உருட்டிக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஜான்ஸ்டவுனை அடைந்தது. கற்பாலம் ஒன்றில் அவையெல்லாம் மலைபோல் சிக்கிக்கொண்டன. பிறகு அக்குவியலில் தீப்பற்றியது. வெள்ளத்துக்குத் தப்பி அதில் அகப்பட்டிருந்தோர் பலர் நெருப்பில் மடிந்தனர். 99 குடும்பங்கள் ஒருவர்கூட மிஞ்சாமல் அழிந்தன. எடுத்துப் புதைத்த உடல்களில் 750க்கு மேற்பட்டவை இன்னார் என்று அறியப்படாதவை.

வழக்குகள் தொடுக்கப்பட்டன, சங்கத்திடம் ஒரு காசும் பெற முடியவில்லை. கடவுளின் செயல் என்பது சட்டத்தின் விடை. சங்கம் ஆயிரம் கம்பளிகளை அனுப்பியது. கார்னகி ஊருக்கு நூலகம் ஒன்றைக் கட்டித் தந்தார். ஆயினும் மக்கள் சினம் வீண்போகவில்லை. தன் நிலத்தில் நீரைத் தேக்குவோன், அது தப்பிப் பிறர்க்குத் தீங்கு செய்தால், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் பொறுப்பாளியே என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1868இல் ஒரு ஆலை முதலாளியின் நீர்த்தேக்க வழக்கில் தீர்த்திருந்தது. அதுவரை அவ்விதியைப் பெரிதும் ஒதுக்கிவந்த அமெரிக்க மாநில நீதிமன்றங்களில் பல, ஜான்ஸ்டவுனுக்குப் பின் வந்த ஆண்டுகளில் அதனை ஏற்கத் தொடங்கின.

அமெரிக்கச் சிவில் பொறியியலாளர் சங்கத்தின் குழு தன் அறிக்கையை 1891இல்தான் வெளியிட்டது. பழைய அமைப்பிலேயே விட்டிருந்தாலும் அணை உடைந்தேயிருக்கும் என்றது அது. 2016இல் நீர்க்கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் வேறு முடிவு கண்டனர்: கரையைத் தாழ்த்தியதாலேயே நீர்போக்கும் ஆற்றல் பெரிதும் குறைந்தது, முதலில் கட்டியபடியே இருந்திருந்தால் அன்றைய மழையை அணை தாங்கியிருக்கக்கூடும். ஏரி மீண்டும் நிரப்பப்படவில்லை. 1964 முதல் அவ்விடம் தேசிய நினைவிடம். கரையின் இரு முனைகளும் புல் மூடி நிற்கின்றன. நடுவே பிளந்த இடைவெளியில் அதே சிற்றாறு ஓடிக்கொண்டிருக்கிறது.