ஈப்போ மரத்து வெட்டு

மலேசியாவின் பேராக்கில் சிம்பாங் பூலாய் எங்கள் ஊர். மலாயில் சிம்பாங் என்றால் சந்தி. பூலாய், நம் ஏழிலைப்பாலை வகை மரம். அந்தச் சந்திக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். டுரியான் பருவத்தில் மலைவாழ் பழங்குடிகளான செமாய் மக்கள் பெத்தாய்க் கட்டும் பிரம்பும் சுமந்து மலையிலிருந்து இறங்குவார்கள். "சக்காய் வந்துட்டான், உள்ள வா புள்ள" என்று பாட்டி என்னை இழுத்துக்கொள்வார். அவர்கள் எங்கள் படியேறியதே இல்லை. உப்பையும் கருவாட்டையும் வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்புவார்கள். பேசத் தெரியாத சனம் என்றே நினைத்திருந்தோம்.

19ஆம் நூற்றாண்டில் பேராக் மலையோரங்களில் ஆள்பிடிப்பவர்கள் செமாய் குடியிருப்புகளில் புகுந்து, பெரியவர்களை வெட்டிப்போட்டுவிட்டுப் பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். சக்காய் என்ற சொல்லில் அந்த அடிமைத்தனம்தான் ஒட்டியிருக்கிறது. 1880களில் சட்டம் அடிமைமுறையை ஒழித்தது. சொல்லை மட்டும் நாங்கள் விடவில்லை. செமாய் மொழியில் வெளியாளுக்குப் பெயர் 'கோப்'. கோப் வருகிறான் என்றால் அவர்களும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பாட்டி யாருக்குப் பயந்தாரோ, அவர்கள் எங்களுக்குப் பயந்திருக்கிறார்கள்.

பிறகு வந்தது அவசரகாலம், 1948 முதல் 1960 வரை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று இந்த மக்களை அடிவாரத்து முள்வேலி முகாம்களுக்கு இறக்கினார்கள். மலைக் குளிரில் பழகிய உடம்பு; சூட்டிலும் நோயிலும் பலர் மாண்டார்கள். அதே ஆண்டுகளில் தோட்டத்து ஆட்களையும்தான் வேலிக்குள் அடைத்தார்கள். இருந்தும் நாங்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளவில்லை. ஓராங் அஸ்லி என்ற மரியாதையான பெயர் அதற்குப் பிறகு வந்தது. அஸ்லி வேறொன்றுமில்லை, நாம் சொல்லும் 'அசல்'தான். இரண்டுக்கும் வேர் அரபு.

கேமரன் மலைக்கு ஏறும் பாதையில், போஸ் சிலிம் பக்கம் ஒரு செமாய் வீட்டுக்குப் போன ஆண்டு போனேன். உட்காருவதற்குள் மூங்கிலில் வெந்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. அரேபியப் பாலைவனத்தில் பெதுவின் குடும்பங்கள் வழிப்போக்கனை மூன்று நாள் கேள்வியில்லாமல் கூடாரத்தில் வைத்து உண்ணக் கொடுக்கும் என்று படித்திருக்கிறேன். அது விருந்து கொடுப்பவனின் மானம். செமாய் வழக்கம் வேறு. வந்தவரின் ஆசை நிறைவேறாமல் போனால் வந்தவருக்கே கேடு நேரும். அதற்கு 'புனான்' என்று பெயர். எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்றுதான் அந்த அம்மா கிழங்கை எடுத்து நீட்டினார். எங்கள் படியில் அவர்களுக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஓர் ஈப்போ மரம் நின்றது. ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த மரம். ரயில் நிலையத்தின் முன்னே இன்றும் ஒன்று நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே மரம் உண்டு, அங்கே அதன் பட்டையைத் தட்டி மரவுரி செய்தார்கள். செமாய் மக்களுக்கு அதன் பால்தான் முக்கியம். பாலை மூங்கிலில் பிடித்து, நெருப்பில் காய்ச்சி இறுக்கி, ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவுவார்கள். அது இரத்தத்தில் கலந்தால் இதயம் நின்றுவிடும். அந்த இறைச்சியைத் தின்பவருக்கு ஒன்றும் செய்யாது.

மரத்தைச் சுற்றி வந்தேன். பட்டையில் சாய்வாய் இரு பக்கமும் இறங்கி நடுவில் சேரும் கோடுகள். ரப்பர் இந்த நாட்டுக்கு வந்தது 1877 வாக்கில். இந்த வெட்டு முறை அதற்கு எவ்வளவோ முந்தையது. என் அம்மா முப்பது வருடம் விடியலில் ரப்பர் மரங்களில் இட்ட கோடுகளும் இப்படிச் சாய்வாய்த்தான் இறங்கும். விரலை வைத்துப் பார்த்தேன்.

"பால்வெட்டுக்காரர் மகளா?" என்று அந்த வீட்டுப் பெரியவர் மலாயில் கேட்டார்.

"ஆமாம் பாக்சிக்" என்றேன்.