அரசனில்லாக் கோட்டையும் நம் அரசனும்

வேலூரைப் பற்றித் தமிழ்நாட்டிலே ஒரு வழக்குரை உண்டு: “நீரில்லா ஆறு, தெய்வமில்லாக் கோயில், அரசனில்லாக் கோட்டை.” பாலாறு மணலாகக் கிடப்பதையும், கோட்டையினுள்ளே இருந்த கோயிலிற் பூசை நின்றுபோனதையும் கண்டு ஊரார் கேலியாகச் சொல்லிவந்த வார்த்தை இது. இலங்கையராகிய நாம் இதனைக் கேட்கும்போது மூன்றாவது தொடரிலே சற்றுத் தயங்கி நிற்கவேண்டியவர்களாகிறோம். அக்கோட்டை அரசனில்லாக் கோட்டைதானா? பதினாறு ஆண்டுகள் அதனுள்ளே ஓர் அரசன் இருந்தான். அவன் நம் நாட்டின் கடைசி மன்னன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். சிறைப்பட்டவனை உலகம் அரசனாக எண்ணுவதில்லை போலும்!

வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டிலே, விஜயநகரப் பேரரசின் காலத்தில், கருங்கல்லாற் கட்டப்பட்டது. சுமார் 133 ஏக்கர் நிலத்தை வளைத்து நிற்கும் மதிலும், அதனைச் சூழ்ந்த அகழியும் இன்றும் காண்போரை வியக்கச் செய்கின்றன. பீஜப்பூர்ப் படை, மராத்தியர், மொகலாயர் என்று பலர் கைமாறி, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. பகைவனை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டிய மதிலை அவர்கள் பகைவனை உள்ளே வைத்திருப்பதற்குப் பயன்படுத்தினார்கள்.

முதலிற் கொண்டுவரப்பட்டோர் மைசூர் வேங்கையாம் திப்பு சுல்தானின் மக்கள். 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டபின், அவன் குடும்பத்தார் இக்கோட்டையிலே காவலில் வைக்கப்பட்டனர். ஏழாண்டுகள் கழிந்தன. அப்பொழுது கும்பினிப் படையிலே ஒரு புதிய ஒழுங்கு வந்தது. இந்துச் சிப்பாய்கள் நெற்றியிலே சமயக் குறி இடலாகாது. முஸ்லிம் சிப்பாய்கள் தாடி வைத்தலாகாது. யாவரும் புதுவிதத் தொப்பி ஒன்றை அணியவேண்டும் என்று கட்டளையிட்டார்கள். திருநீற்றை அழி என்று சொன்னவனுக்கு அச்சிப்பாய்கள் கொடுத்த விடையே 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் மூண்ட வேலூர்ப் புரட்சி. கோட்டை சில மணி நேரம் அவர்கள் கையிலிருந்தது. திப்புவின் புலிக்கொடி மதிலின்மேற் பறந்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்னும் தளபதி குதிரைப்படையுடன் விரைந்துவந்து புரட்சியை அடக்கினான். பிடிபட்டோரிற் பலர் மதிலோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1857க்கு அரை நூற்றாண்டு முன்னரே நடந்த நிகழ்ச்சி இது. வென்ற கில்லெஸ்பியைப் பாடுவதற்கு ஆங்கிலத்திலே நியூபோல்ட் என்னும் கவிஞர் இருந்தார். மாண்ட சிப்பாய்களை நினைந்து இந்திய அரசு தபால் முத்திரை வெளியிட 2006ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

புரட்சியின் பின் திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். பத்தாண்டு கழித்து அடுத்த கைதி கடல்கடந்து வந்தான்.

கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய இளைஞன் 1798இலே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று முடிசூடிக் கண்டியரசனானான். 1739 முதல் கண்டியை ஆண்டுவந்த நாயக்கர் மரபில் அவன் நான்காமவன். கண்டி வாவியும், தலதா மாளிகையின் முகப்பிலே நிற்கும் எண்கோண மண்டபமும் அவன் காலத்தன. ஆயினும் அவனைக் குற்றமற்றவனாக நாம் காட்டப் புகுந்தால் அது சரித்திரமாகாது. 1814இலே, தனக்கு எதிராகத் திரும்பிய எஹெலபொல அதிகாரத்தின் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அவன் கொல்வித்தான். அந்தப் பிள்ளைகளின் நினைவு சிங்கள மக்கள் நெஞ்சிலே இன்றும் ஆறாத புண்ணாக இருப்பது நியாயமே. பிரபுக்களின் பகையையும் ஆங்கிலேயரின் சூழ்ச்சியையும் அந்தக் கொடுமை ஒன்றாய் இணைத்தது. 1815 பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரப் பகுதியில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டது. பின்னர் எஹெலபொலவுக்கு வாய்த்தது என்ன? அரியணையன்று, மொரீசியஸ் தீவிலே நாடுகடத்தப்பட்ட வாழ்வு. 1829இலே அங்கேயே அவன் இறந்தான். கைதியும், கைதியாக்கத் துணைநின்றவனும் ஒருவனுக்கே பலியாயினர்!

1816 ஜனவரி 24ஆம் நாள் கொழும்பிலிருந்து ‘கார்ன்வாலிஸ்’ என்னும் போர்க்கப்பல் மன்னனையும் அவன் தேவியரையும் சுற்றத்தாரையும் ஏற்றிச் சென்றது. வேலூர்க் கோட்டையில் இன்றும் ‘கண்டி மகால்’ என்று வழங்கும் கட்டடம் உண்டு. தலதா மாளிகையைக் காத்து நின்ற மன்னன், மூர்த்தியில்லாத சிவன் கோயில் நிற்கும் கோட்டையிலே தன் எஞ்சிய நாட்களைக் கழித்தான். 1832 ஜனவரி 30ஆம் நாள் அவன் ஆவி பிரிந்தது. பாலாற்றங்கரையில் அடக்கஞ்செய்தனர். அவ்விடத்திலே தமிழ்நாட்டரசு 1990இலே ஒரு முத்து மண்டபம் எழுப்பியிருக்கின்றது.

கோயிலின் கதையும் ஒருவகைச் சிறைக் கதையே. ஜலகண்டேசுவரர் ஆலயத்துக் கல்யாண மண்டபச் சிற்பங்களைப் புகழாதார் இல்லை. ஆயினும் போர்க்காலங்களிலே மூலமூர்த்தி வெளியே கொண்டுபோகப்பட்டு, நூற்றாண்டுக் கணக்காக ஆலயம் விளக்கின்றிக் கிடந்தது. ஆங்கிலேயர் அதனை ஆயுதக் கிடங்காகவும் வைத்திருந்தனர். சுதந்திரம் வந்த பின்னும் அது தொல்பொருட் சின்னமாகவே இருந்தது. 1981 மார்ச்சிலே ஊர் மக்கள் லிங்கத்தை உள்ளே கொண்டுவந்து பிரதிட்டை செய்தனர். அன்றுமுதல் வழக்குரையின் இரண்டாவது தொடர் பொய்யாயிற்று. கல்லைக் காப்பது அரசாங்கத்தின் வேலையாகலாம். விளக்கை ஏற்றுவது மக்களின் வேலை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இனி, நம் கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நாம் அலுவலுக்கும் படிப்புக்கும் ‘கோட்டை’க்குப் போகிறோம். பெயர் மட்டுமே எஞ்சியிருக்கின்றது. மதில்களை ஆங்கிலேயர் 1870ஆம் ஆண்டையொட்டி இடித்துவிட்டனர். ஆயினும் செலிங்கோ மாளிகை வளவிலே மிகச் சிறிய பழைய அறை ஒன்று உண்டு. கண்டி மன்னனைச் சிறைவைத்த இடம் என்று அதனைக் காட்டுகிறார்கள். நம்மிற் பலர் அவ்வழியே நூறு தடவை போயும் அதனைக் கண்டதில்லை. கண்ட சிலரும், ஓர் அரசனை இத்துணைச் சிறிய அறையிலா அடைத்தார்கள் என்று மனம் நொந்து திரும்புகின்றனர்.

உண்மை என்ன? மன்னனை வசதியான ஒரு வீட்டிலே வைத்திருந்ததாகவே அக்காலத்து ஆங்கிலேயர் எழுதிவைத்த குறிப்புகள் சொல்கின்றன. அவ்வறை காவலாளர் நின்ற இடமாக இருக்கலாம் என்று கருதுவோரும் உளர். ஆனால் மக்கள் மனம் ஏன் அந்தச் சிற்றறையை விடாமற் பற்றிக்கொண்டது? இழந்த முடிக்கு ஓர் இடம் வேண்டும். வீட்டைக் காட்டிலும் சிறைக்கூடம் துயரத்தை நன்றாகச் சொல்லும். அது சரித்திரச் சான்றாகாவிடினும் மக்களின் நினைவுக்குச் சான்றாகும். இரண்டையும் வேறுபிரித்து அறிவதே படித்த இளைஞர் கடன்.

அவன் அரியணையும் முடியும் 1934இலே இங்கிலாந்திலிருந்து மீண்டு, இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன. அவன் சிங்கக்கொடியே 1948இலே சுதந்திர நாட்டின் கொடியாய் ஏறியது. ஈழத்துக் கூத்து மேடைகளிலும் கண்டியரசன் கதை ஆடப்பட்டு வந்திருக்கின்றது. பொருள்களும் கதைகளும் திரும்பின. மன்னன் மட்டும் திரும்பவில்லை.

உடலால் திரும்பாதவனை நாம் எப்படி வரவேற்கிறோம் என்பதே கேள்வி. ஒருசாரார் அவனைக் கொடிய அந்நியன் என்கின்றனர். மற்றொரு சாரார் அவன் ‘நம்மவன்’ என்று கூறி அவன் கொடுமையை மறைக்கின்றனர். இரு சாராரும் தத்தம் பூசலுக்கு அவனைக் காவலில் வைத்திருக்கின்றனர். தமிழ் பேசும் மரபிலே பிறந்தான், சிங்கள மக்களுக்கு மன்னனானான், பௌத்தத்தைப் புரந்தான், பிழை செய்தான், பிறர் மண்ணிலே கைதியாய் மாண்டான். இவை யாவும் ஒரே மனிதனின் கதை. முழுவதையும் ஏற்பவரே அவனை விடுதலை செய்தவராவர்.

சங்கத்து இளைஞர்களே! அடுத்த விடுமுறை நாளிலே கோட்டையிலுள்ள அந்தச் சிற்றறையைப் பார்த்துவிட்டு, அப்படியே நூதனசாலைக்குச் சென்று அரியணையின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். பெரியோர்களே! சிறுவர்களை உடன் அழைத்துச் சென்று, எஹெலபொலவின் பிள்ளைகளின் கதையையும் மறையாமற் சொல்லுங்கள். வேலூர் மக்கள் தம் கோயிலிலே விளக்கேற்றிப் பழிச்சொல்லில் ஒரு தொடரை அழித்தார்கள். ‘அரசனில்லாக் கோட்டை’ என்னும் தொடரை உண்மையைச் சொல்லி அழிப்பது நம் பங்காகுக!