பஸ்ஸில் கத்திய கோழி

1983 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘மேஷ்’ தொடரின் கடைசி எபிசோடை மறுபடி பார்த்தேன். கொரியப் போர் நடந்தது மூணு வருஷம். அங்கிருந்த ஒரு ராணுவ ஆஸ்பத்திரியைப் பற்றிய இந்தத் தொடர் ஓடியதோ பதினோரு வருஷம்!

சர்ஜன் ஹாக்ஐ இப்போது மனநல மருத்துவமனையில். மயக்க மருந்து மாஸ்க் நோயாளியை மூச்சுத்திணற வைக்கிறது என்று ஆபரேஷன் நடுவே கத்தியவர். ஏன் மாஸ்க்? டாக்டர் சிட்னி கிளறக் கிளற, ஒரு பஸ் நினைவுக்கு வருகிறது. எதிரிப் படை பக்கத்தில். ஒரு பெண்ணின் மடியில் கோழி கத்துகிறது. அதை அடக்கச் சொல்லி ஹாக்ஐ சீறுகிறார். அவள் மூச்சை அடைத்துக் கொன்றுவிடுகிறாள். சொல்லிக்கொண்டே வந்தவர் உடைந்துபோகிறார். அது கோழி இல்லை, அவளுடைய குழந்தை.

கொரியப் போர்க்காலத்தில் இதையெல்லாம் ‘போர்ச் சோர்வு’ என்பார்கள். கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு மறுபடி களம். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகுதான், 1980-இல், பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. அதற்கு மூணு வருஷம் கழித்து வந்த எபிசோட் இது. கொரியக் கதைதான், ஆனால் எனக்கென்னவோ வியட்நாம்தான் தெரிகிறது. சிட்னி மட்டும் பழைய முறைப்படியே நடக்கிறார்: சண்டை இன்னும் ஓயாத அதே முகாமுக்கு ஹாக்ஐயைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.