கடலோடிகள் கண்ட ஜெராய் மலை

நம் வெப்பமண்டல வட்டாரத்தின் உயர்ந்த மலைகள் எவை என வினவினால், சபாவின் கினபாலு (4,095 மீட்டர்), சுமத்திராவின் கெரிஞ்சி எரிமலை (3,805 மீட்டர்), தீபகற்ப மலேசியாவின் தகான் (2,187 மீட்டர்) என மாணவர் விடையளிப்பர். கெடாவின் ஜெராய் மலை 1,217 மீட்டரே உயர்ந்தது, எரிமலையும் அன்று. ஆயினும் தமிழர் கடல்வழி வரலாற்றில் அதற்குள்ள இடம் ஏனைய மூன்றற்கும் இல்லை.

காரணம், அது நிற்கும் இடம். தகான் உள்நாட்டுக் காட்டினுள் மறைந்துள்ளது. ஜெராயோ கடலோரச் சமவெளியில் தனித்து எழுகின்றது. வானம் தெளிந்த நாளில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் கடலிலிருந்து காணத்தக்கது. இலங்கையின் தென்முனையும் இம்மலையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. அங்கிருந்து நேர்கிழக்கே வந்த கலங்களுக்கு இம்மலை கரைகாட்டும் அடையாளமாயிற்று.

மலையின் தென்பால் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் 1930களில் குவாரிச் வேல்ஸ் அகழாய்வு செய்து, பழங்கோயில்களின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார். பட்டினப்பாலை கூறும் காழகத்தைக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரைத்தார். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் கடற்படை வென்ற கடாரம் இக்கெடாவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

புக்கிட் தெங்காவில் வாழும் நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. புக்கிட் மெர்தாஜாம் மலையடியில், செரோக் தோக்குன் பாறைக் கல்வெட்டை 1845இல் ஜேம்ஸ் லோ கண்டறிந்தார். அதன் எழுத்து தென்னிந்தியப் பல்லவ மரபினது, மொழியோ வடமொழி. அதனைத் தமிழ்க் கல்வெட்டு எனக் கூறுதல் பிழை. தென்னிந்தியத் தொடர்புக்குச் சான்று என்பதே போதிய பெருமை. மிகைப்படுத்திய பெருமை, மெய்ச்சான்றையும் ஐயத்திற்கு உள்ளாக்கும்.

சான்றுகள் தாமே நிலைத்திரா. பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் இடப்பட்டிருந்த பழங்கோயிலின் எச்சம் வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளியாகி நம்மை அதிர்ச்சியுறச் செய்தது. மலை அங்கேயே நிற்கின்றது. அதனை நோக்கி வந்தோர் விட்டுச்சென்ற கற்களுள் ஒரு பகுதி இன்று இல்லை.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, செபெராங் பிறைச் சமவெளியில் தெளிந்த காலையொன்றில் மாணவரை வடக்கே நோக்கச் செய்வோம். மலையின் உயரத்தோடு, அதன் அடியில் எஞ்சியுள்ளவற்றையும் அவர்க்கு அறிவிப்போம். அறிந்தவரே காக்க முன்வருவர்.