பாட்டு வந்துவிட்டது... பெயர் வரவில்லை!

மதுரையிலிருந்து நெல்லைக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? கோவில்பட்டி தாண்டியதும் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் கரிசல் காடு விரியும். கொஞ்ச நேரத்தில் கடம்பூர். வண்டி நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே 'போளி... போளி...' என்று குரல் கேட்கும். சுருட்டி வைத்திருந்த சில்லறையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்வார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இந்தப் பாதையில் போய் வருகிறவர்களுக்குக் கடம்பூர் என்றாலே போளிதான். ஆனால், சென்னையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். 'கடம்பூரா, அது எங்க இருக்கு?' என்பார். அதே நண்பருக்குப் பக்கத்து ஊரான கோவில்பட்டியின் கடலைமிட்டாய் நன்றாகத் தெரியும். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது!

ருசியில் போளி குறைச்சலா? யார் சொன்னது! விஷயம் ரொம்ப சாதாரணம். கடலைமிட்டாய் பாக்கெட்டில் ஏறி எந்த ஊருக்கும் போகும், நாள்பட இருக்கும். போளி அப்படியில்லை. சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். ரயிலில் வந்தவனுக்குத்தான் அது கிடைக்கும்.

ராக் இசைக் குழுக்களின் சரித்திரத்திலும் கடலைமிட்டாய்கள் உண்டு, போளிகள் உண்டு. பீட்டில்ஸ் உலகம் முழுக்கப் போனது. அவர்களுக்குச் சளைக்காமல் வாசித்த எத்தனையோ குழுக்கள் புகழின் வாசற்படி வரை வந்து, கதவைத் தட்டிவிட்டு, அப்படியே திரும்பிப் போயின. பத்து, இருபது வருடம் கழித்து ஒரு சின்னக் கூட்டம் அவர்களின் இசைத்தட்டைத் தேடிப் பிடித்து, 'அடடா... இதையா உலகம் கேட்காமல் விட்டது!' என்று தலையில் அடித்துக்கொள்ளும். இந்தச் சின்னக் கூட்டத்துப் புகழைத்தான் 'கல்ட்' என்கிறார்கள்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 'பிக் ஸ்டார்' என்று ஒரு குழு. பெயரிலேயே நட்சத்திரம்! 1972-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்றே பெயர் வைத்தார்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். வாசகர்கள் கடைக்கு ஓடினார்கள். கடையில் தட்டு இல்லை! விநியோகத்தில் குளறுபடி. பாட்டு நன்றாக இருந்தும், பெட்டி கடைக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான், குழு சீக்கிரமே கலைந்தது. பின்னால் வந்த 'ஆர்.ஈ.எம்.' போன்ற பெரிய குழுக்கள் 'எங்கள் ஆசான்கள் இவர்கள்தான்' என்று சொன்ன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

சரி, அமெரிக்கா இருக்கட்டும். நம் நாட்டில் இப்படி நடந்ததா என்று கேட்கிறீர்களா? நடந்தது. அதுவும் ஒரு சிகரெட்டின் புண்ணியத்தில்!

இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி (இன்றைய ஐ.டி.சி.) 'சிம்லா' என்ற சிகரெட்டை விற்றுக்கொண்டிருந்தது. இளைஞர்களைப் பிடிக்க வேண்டும். என்ன செய்யலாம்? அன்றைய இளைஞன் தலைமுடி வளர்த்து, பெல்பாட்டம் போட்டு, கையில் கிடார் வைத்திருந்தான். அவனுக்காக அகில இந்திய ராக் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். பெயர், 'சிம்லா பீட்'. பல நகரங்களிலிருந்து குழுக்கள் பம்பாய்க்கு வந்து இறங்கின. ஷில்லாங்கிலிருந்து 'ஃபென்டோன்ஸ்', நம் மதராஸிலிருந்து 'கன்ஃப்யூஷன்ஸ்'... இப்படி விதவிதமான பெயர்கள். 1970, 1971 இரண்டு வருடங்களும் போட்டிக் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து ஆளுக்கொரு பாட்டு, ரெண்டு பாட்டு என்று எல்.பி. ரெக்கார்டாகவும் போட்டார்கள்.

அந்தப் பையன்கள் எப்படி வாசித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? வெளிநாட்டு கிடார் வாங்க இறக்குமதிக் கெடுபிடி. வாங்கினால் வரியே கழுத்தை நெரிக்கும். ஆம்ப்ளிஃபையரை உள்ளூரிலேயே செய்துகொண்டவர்கள் உண்டு. புதுப் பாட்டைக் கற்றுக்கொள்ள ஸ்வரத்தாள் எல்லாம் கிடையாது. ரேடியோவில் வரும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியதுதான். இவர்களைப் பற்றி எழுதவும் ஒரு பத்திரிகை இருந்தது. கல்கத்தாவிலிருந்து 1967 முதல் 1977 வரை வந்த 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மேன்'. பின்னாளில் சுருக்கமாக 'ஜே.எஸ்.'.

மேடை இருந்தது, பத்திரிகை இருந்தது, ரெக்கார்டும் வந்தது. அப்புறம் ஏன் இவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியவில்லை?

காரணம், கடை. இசைத்தட்டுச் சந்தை பெரும்பாலும் எச்.எம்.வி. கையில் இருந்தது. சினிமாப் பாட்டு விற்றது, கர்னாடக சங்கீதம் விற்றது. இங்கிலீஷ் பாட்டு வேண்டும் என்பவன் பீட்டில்ஸையே வாங்கிக்கொண்டான். மதராஸ் பையன் பாடிய இங்கிலீஷ் பாட்டை யார் வாங்குவது? சிகரெட் கம்பெனிக்கோ சிகரெட் விற்றால் போதும். போட்டி நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய பிறகு பந்தலில் தனியாக நிற்கும் மேளக்காரர்கள் மாதிரி ஆனார்கள் பையன்கள். சிலர் ஓட்டல்களில் வாசித்தார்கள். பலர் வேறு வேலை பார்க்கப் போனார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சிகரெட் பற்றவைக்கத் தீப்பெட்டி வேண்டுமே! கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று இந்தக் கரிசல் மண்ணின் பெண்கள் குச்சி அடுக்கி, மருந்து முக்கி, பெட்டி ஒட்டி நாடு முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிம்லா சிகரெட்டைப் பற்றவைத்த தீக்குச்சிகளில் சில இங்கே பிறந்தவையாக இருக்கலாம். ஆனால், அந்தச் சிகரெட் நடத்திய கச்சேரியின் சத்தம் இந்தப் பக்கம் வந்து சேரவே இல்லை.

பம்பாயின் 'அடாமிக் ஃபாரஸ்ட்' கதை இன்னும் உருக்கம். எழுபதுகளில் மேடையில் அனல் பறக்க வாசித்த குழு. அவர்களின் ஒரே ஆல்பம் 'அப்செஷன் 77' கடைக்கு வந்தது 1981-ல். அதற்குள் குழுவே கலைந்துவிட்டது! பிள்ளை பிறந்தபோது வீட்டில் யாருமே இல்லை என்கிற கதைதான். முப்பது வருடம் கழித்து, 2011-ல், லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஒரு கம்பெனி அதை மறுபடி வெளியிட்டது. சிம்லா பீட் தட்டுகளும் அப்படித்தான். இன்று அசல் பிரதி வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி. வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் கேட்ட விலை கொடுப்பார்கள்.

அடாமிக் ஃபாரஸ்டில் பாடிய நந்து பெண்டேயின் குரலை நீங்கள் கேட்டிருக்கவும் கூடும். 1982-ல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படத்தில் கிருஷ்ணரைக் கூப்பிட்டு ஒரு பாட்டு வருமே... அது இவர் பாடியதுதான். மேடையில் வருடக்கணக்கில் பாடியும் கிடைக்காத காதுகள், சினிமாவில் ஒரே பாட்டில் கிடைத்தன!

நம் சென்னையிலும் இதே கதை. எண்பதுகளில் 'ரூட்ஸ்', 'நெமசிஸ் அவென்யூ' என்று குழுக்கள் இருந்தன. ரூட்ஸில் டிரம்ஸ் வாசித்தவர் சிவமணி. இரண்டிலும் கீபோர்டு வாசித்த ஒல்லிப் பையன் யார் தெரியுமா? 1992-ல் 'ரோஜா' வந்ததும் ஊரே பேர் சொன்ன ஏ.ஆர்.ரஹ்மான். அந்த ஒருவர் ரயிலேறிவிட்டார். அந்தக் குழுக்களின் பெயர்கள் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டன.

எல்லாரும் சினிமாப் பக்கம் போய்விடவில்லை. மதராஸில் பிறந்த ரமேஷ் ஷோத்தம் தன் சகோதரர் சுரேஷுடன் சேர்ந்து 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்ற ராக் குழுவை நடத்தினார். குழு கலைந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? பெங்களூரில் தவில் கற்கப் போனார்! ராக் டிரம்ஸ் அடித்த கை, தவில் பிடித்தது. பிறகு ஜெர்மனியில் குடியேறி, ஜாஸ் கலைஞர்களோடு அதே தவிலை வாசித்துப் பெயர் வாங்கினார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்தைக் கேட்டு வளர்ந்த நம் தெற்கத்திக்காரர்களுக்கு இது இனிக்கிற சேதிதான்.

இனி இந்தக் கதையின் மறுபக்கத்துக்கு வாருங்கள். பம்பாய்ச் சத்தம் கரிசலுக்கு வரவில்லை என்றேன். ஆனால், கடல் தாண்டி ஒரு சத்தம் வந்தது.

1952-ல் மத்திய மந்திரி பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடை போட்டார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்தார்கள். பின்னால் நம்மூரில் விவித்பாரதி வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. தூத்துக்குடி, நெல்லை, ராமநாதபுரம் பக்கமெல்லாம் கொழும்பு, பக்கத்துத் தெருவில் பேசுகிற மாதிரி கேட்கும். டீக்கடையிலும் சலூனிலும் கே.எஸ்.ராஜாவின் குரலுக்கு ஒரு கூட்டமே காத்திருக்கும்.

சினிமாப் பாட்டுக்கு நடுநடுவே அந்த வானொலி ஒரு புதுச் சரக்கை அவிழ்த்துவிட்டது. நாம் 'பாப்' என்பதை அவர்கள் 'பொப்' என்பார்கள். பொப் இசைப் பாடல்கள்! இலங்கைக் கடற்கரைகளில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து ஊறி வந்த 'பைலா' தாளம், கூட ஒரு கிடார், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ், கொஞ்சம் கிண்டல். கேட்டதும் காலாட்டத் தோன்றும். யாழ்ப்பாணத்துக்காரரான நித்தி கனகரத்தினம் அறுபதுகளின் கடைசியில் இப்படிப் பாடத் தொடங்கியவர். 'சின்ன மாமியே' அவருடைய பாட்டு. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்று புத்தி சொன்னவரும் அவர்தான். அடுத்து ஏ.ஈ.மனோகரன், 'சுராங்கனி'யோடு வந்தார்.

எந்தக் கல்லூரிச் சுற்றுலாப் பஸ்ஸில் 'சுராங்கனி' பாடாமல் இருந்திருக்கிறார்கள், சொல்லுங்கள்! 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அது சினிமாவுக்குள்ளும் நுழைந்தது. மனோகரனும் தமிழ்நாட்டுக்கு வந்து படங்களில் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவருக்காவது 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் மிஞ்சியது. நித்தி கனகரத்தினம் பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அவர் பாட்டைத் தமிழ்நாட்டில் கைதட்டிப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நாட்டுப்புறப் பாட்டு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அந்தப் பொப் அலை ஏன் அடங்கியது? மார்க்கெட் இல்லாமல் இல்லை. கேட்க ஆள் இல்லாமலும் இல்லை. 1983 ஜூலைக் கலவரம், அதன் பிறகு மூண்ட யுத்தம். பாடியவர்களும் கேட்டவர்களுமாகத் திசைக்கொருவராகச் சிதறிப் போனார்கள். சிங்களச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே பாட்டில் தோளில் கைபோட்டு நடந்த காலம் அதோடு முடிந்தது. சிகரெட் கம்பெனி கைவிட்டதால் ஒரு பக்கம் குழுக்கள் மறைந்தன. ஊரே எரிந்ததால் மறுபக்கம் மறைந்தன. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மனசு வரவில்லை.

ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிம்லா பீட் குழுக்களின் பெயர்கள் வெளிநாட்டு ரசிகர்களின் பட்டியலில் அழகாக அச்சாகியிருக்கின்றன. அவர்கள் பாட்டு நம்மில் ஒருவருக்கும் தெரியாது. நித்தி கனகரத்தினத்தின் பாட்டு நமக்கு மனப்பாடம். பெயர் தெரியாது. அங்கே பெயர் பிழைத்தது, இங்கே பாட்டு பிழைத்தது. 'உங்களுக்கு எது வேண்டும்?' என்று கேட்டிருந்தால் எந்தப் பாட்டுக்காரரும் இரண்டையும்தான் கேட்டிருப்பார். நியாயமும் அதுதானே?

பாட்டைச் சுமந்து வந்தது கொழும்பின் ரேடியோ. பெயரைச் சுமக்க வேண்டியவர்கள் கேட்ட நாம்தான். அந்த வேலையை நாம் சரியாகச் செய்யவில்லை. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்த முறை பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ 'சின்ன மாமியே' கேட்டால், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் 'இதைப் பாடினது யார் தெரியுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

கடம்பூரில் வண்டி நின்றால், போளியை வாங்கிக்கொண்டு, 'அண்ணாச்சி, இது யாரு கைப்பக்குவம்?' என்றும் கேளுங்கள். வண்டி கிளம்புவதற்குள் ஒரு பெயர் கிடைத்துவிடும்.