மூன்று சகோதரிகள் வேளாண்மை

மூன்று சகோதரிகள் என்பது மக்காச்சோளம், கொடி பீன்ஸ், பூசணி ஆகியவற்றை ஒன்றாகப் பயிரிடும் வட அமெரிக்கப் பழங்குடியினரின் துணைப்பயிர் முறையாகும். இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில் வாழ்ந்த இரோக்குவா கூட்டமைப்பினர் இப்பயிர்களைத் தம் உயிர் காக்கும் சகோதரிகளாகப் போற்றினர்.

தோற்றம்

இம்மூன்றும் ஒரே காலத்தில் ஒன்றுசேர்ந்தவை அல்ல. மெக்சிகோவின் தென்பகுதியில் பூசணி ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பும், மக்காச்சோளம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பும் பயிராக்கப்பட்டன. விதைகள் பல தலைமுறைகளாகக் கைமாறி வடக்கே சென்றன. நியூயார்க் பகுதிக்குப் பீன்ஸ் கடைசியாக, கி.பி. 1300 அளவில் வந்து சேர்ந்தது.

பயிரிடும் முறை

விளைநிலங்கள் பெண்களின் பொறுப்பில் இருந்தன. அவர்கள் ஏரும் மாடும் இன்றி, மண்ணைக் கொத்திச் சிறு மேடுகளாகக் குவித்து, ஒவ்வொன்றிலும் சில சோள விதைகளை ஊன்றினர். சோளம் சற்று வளர்ந்ததும் அதனடியில் பீன்ஸும் இடைவெளியில் பூசணியும் நட்டனர். சோளத்தட்டை பீன்ஸுக்குக் கொழுகொம்பானது. பூசணியின் அகன்ற இலைகள் களையை அடக்கி ஈரத்தைக் காத்தன. பீன்ஸின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்து வைக்கின்றன. செடி மட்கிய பின் அது பெரும்பாலும் அடுத்த பயிருக்கு உரமாகிறது.

இப்பொருத்தம் உணவிலும் உண்டு. சோளத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பீன்ஸில் நிறைய உள்ளது. உலர்த்திய சோளமும் பீன்ஸும் குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருந்தன.

1779 படையெடுப்பு

ஒரு மக்களின் களஞ்சியமாக விளங்கியதால் இத்தோட்டங்கள் போரிலும் இலக்காயின. அமெரிக்க விடுதலைப் போரில் இரோக்குவா இனத்தாருள் பலர் பிரித்தானியர் பக்கம் நின்றனர். ஜார்ஜ் வாசிங்டனின் ஆணைப்படி, 1779இல் தளபதி ஜான் சல்லிவனின் படை அவர்களது 40க்கும் மேற்பட்ட ஊர்களை எரித்தது. அறுவடைக்கு நின்ற பயிர்களையும் பழத்தோட்டங்களையும் வெட்டிச் சாய்த்தது. அழிக்கப்பட்ட சோளம் 1,60,000 புசல் என்று சல்லிவன் அறிவித்தார். உணவிழந்த ஆயிரக்கணக்கானோர் நயாகரா கோட்டையில் தஞ்சமடைந்தனர். அவ்வாண்டின் கடுங்குளிரில் பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். வாசிங்டனை அவர்கள் "ஊர்களை அழிப்பவர்" என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

இன்று

அமெரிக்க அரசு 2009இல் வெளியிட்ட ஒரு டாலர் நாணயத்தில், இம்மூன்று பயிர்களுக்கிடையே பெண் ஒருத்தி விதை ஊன்றும் காட்சி பொறிக்கப்பட்டது. எரிக்கப்பட்ட வயல்களின் வெள்ளைச் சோளத்தை இரோக்குவா உழவர்கள் இன்றும் விதைத்து வருகின்றனர்.