தனிக் கிணறும் தனித் தொட்டியும்



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அவையில் குடிதண்ணீரைப் பற்றிப் பேசுவதுதான் பொருத்தம் என்று கருதுகிறோம். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர், வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவர் என்றே அவரைப் பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். ஆனால் 1924ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நம் அன்றாட வாழ்வோடு இன்னும் நெருக்கமானது. எந்த ஊரிலும் எந்தப் பொதுத் தெருவிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம். பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றுக்குச் சாதி இந்துக்கள் எவ்வாறு செல்கிறார்களோ அவ்வாறே எவரும் செல்லலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அரசும் அதை ஏற்று ஆணையிட்டது.

நூறாண்டுகள் கடந்துவிட்டன. இன்று கிராமத்தில் கிணற்றடிக்குப் போகிறவர்கள் குறைவு. போர்வெல், மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், வீட்டுக் குழாய் என்று தண்ணீர் வரும் வழியே மாறிவிட்டது. வழி மாறியபோது சாதி என்ன ஆயிற்று என்பதே இன்றைய உரையின் கேள்வி.

1. மடையைத் திறந்தவர்கள்

தண்ணீருக்கும் நமக்கும் உள்ள உறவு மறுப்பில் தொடங்கவில்லை, உழைப்பில் தொடங்குகிறது. தமிழகத்தின் ஏரிப்பாசன ஊர்களில் மடையைத் திறந்து அடைப்பதும், வயல்வாரியாக நீர் பாய்ச்சுவதும் நீர்க்கட்டிகளின் வேலை. பல ஊர்களில் அவர்கள் நம் சேரிகளைச் சேர்ந்தவர்கள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர், வறட்சியில் எப்படிப் பங்கிடுவது என்ற கணக்கெல்லாம் அவர்கள் மனத்தில் இருந்தது. ஏரி தூர் வாரியதும் கரை உயர்த்தியதும் அவர்களைப் போன்றோரின் கைகளே.

அந்தக் கை பாய்ச்சிய தண்ணீரில் விளைந்த நெல்லுக்குத் தீட்டில்லை. அதே கை ஊர்க் கிணற்றில் வாளியை விட்டால் தீட்டு. ஆகவே தண்ணீரின் தூய்மையைப் பற்றிய கவலையில் பிறந்த தடை அல்ல இது. யார் யாரிடம் கையேந்தி நிற்க வேண்டும் என்பதை நாள்தோறும் நினைவூட்டுவதற்கான தடை. கிணற்றடியில் குடத்தோடு நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை காத்திருந்த நம் பாட்டிமார்கள் இதை அறிவார்கள்.

குழாய் வந்தாலும் இந்த நிலை தானாக மாறாது என்பதற்கு அம்பேத்கரே சாட்சி. தம் பள்ளி நாட்களைப் பற்றி 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். பள்ளியில் இருந்தது கிணறு அல்ல, குழாய். மற்ற பிள்ளைகள் தாமே திறந்து குடித்தார்கள். அவருக்குப் பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் வராத நாளில் தண்ணீர் இல்லை.

2. மகாத்தில் நடந்தது

1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்றது. 1924இல் மகாத் நகராட்சி தன் சவ்தார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. ஏட்டில் திறந்த குளத்தில் எவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்று அந்த நீரை அள்ளிக் குடித்தார்கள். அன்றே தாக்கப்பட்டார்கள்.

அதன்பின் சாதி இந்துக்கள் செய்தது நம் பேச்சுக்கு முக்கியமானது. பால், தயிர், சாணம், கோமியம் கலந்த நூற்றெட்டுக் குடங்களைக் குளத்தில் கொட்டி, மந்திரம் ஓதி, குளம் 'சுத்தமாகிவிட்டது' என்று அறிவித்தார்கள். மனிதர் அள்ளியதால் கெட்ட தண்ணீர் மாட்டுச் சாணத்தால் தூய்மையானது. அந்த ஆகஸ்ட்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தையும் திரும்பப் பெற்றது.

வழக்கு பத்தாண்டு நடந்தது. குளம் தனியார் சொத்து, தொன்றுதொட்டு வரும் வழக்கம் எங்களுக்கே உரிமை தருகிறது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நாம் வென்றோம்.

இந்தக் குளத்து நீரைக் குடிக்காவிட்டால் செத்துப்போவோம் என்பதற்காக நாம் வரவில்லை, நாமும் மனிதர் என்று நிலைநாட்டவே வந்தோம் என்ற பொருளில் அம்பேத்கர் அங்கே பேசினார். மகாத் கேட்டது தண்ணீரை மட்டுமல்ல, அதே தண்ணீரை.

3. அரசு கண்ட குறுக்குவழி

சென்னை மாகாணத்தில் வேறொரு வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1920 முதல் தொழிலாளர் ஆணையர் பொறுப்பில் 'ஒடுக்கப்பட்ட வகுப்பினர்' நலன் ஒப்படைக்கப்பட்டது. வீட்டுமனை, பள்ளி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றோடு கிணறு வெட்டித் தருவதும் அதன் பணி. அவை சேரிக்கான தனிக் கிணறுகள்.

அந்தக் கிணறுகள் உயிர் காத்தன. குட்டையில் மாடுகளோடு நீர் மொண்ட மக்களுக்கு அவை பெரும் ஆறுதல். அவற்றைக் கேட்டு மனுப் போட்டவர்களும் நம் முன்னோரே. ஊர்க் கிணற்றுக்குப் போனால் அடி விழும், கூலி நிற்கும், பயிர் எரியும் என்ற நிலையில் தனிக் கிணறு கேட்பது உயிர்வாழும் அறிவு. அதில் குறை காண நமக்கு உரிமையில்லை.

குறை காண வேண்டியது அரசின் கணக்கை. ஊர்க் கிணற்றைத் திறக்க வேண்டுமானால் போலீஸ் வேண்டும், வழக்கு வேண்டும், ஊர்ப் பெரியவர்களின் பகை வேண்டும். தனிக் கிணறு வெட்டப் பணம் போதும். ஆகவே 1924 தீர்மானம் ஏட்டில் இருக்க, பணம் தனிக் கிணற்றுக்குப் போனது. 1938இல் எம்.சி. ராஜா முயற்சியில் சமூகக் குறைபாடுகளை நீக்கும் சட்டம் வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு, கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் சாதித் தடை கூடாது என்றது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. இவற்றுள் நீரைப் பற்றிய விதிகள் அனைத்தும் தடுப்பதைக் குற்றமாக்கின. தனியாகக் கொடுப்பதை எதுவும் தொடவில்லை. தடுத்தால் குற்றம், தனியாகக் கொடுத்தால் நலத்திட்டம் என்றாகிவிட்டது.

4. குழாயில் ஓடும் எல்லைக்கோடு

1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தபின் மேல்நிலைத் தொட்டிகளும் கைப்பம்புகளும் கிராமங்களுக்குப் பரவின. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு கிராம வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தரமான நீர் என்றது. நல்ல இலக்குகள். ஆனால் குழாய் புதைக்கப்பட்ட நிலம் பழைய நிலம். ஊர் ஒருபுறம், காலனி மறுபுறம். பொறியாளர் வரைபடத்தில் இவை இரண்டு 'குடியிருப்புகள்'. இரண்டு குடியிருப்புக்கு இரண்டு தொட்டி என்பது தொழில்நுட்ப முடிவுபோலவே தோன்றும்.

ஒரே தொட்டி இருக்கும் ஊர்களிலோ காலனி பெரும்பாலும் குழாயின் கடைக்கோடி. கடைக்கோடியில் அழுத்தம் குறையும். தண்ணீர் கடைசியில் வந்து முதலில் நிற்கும். விட்டுவிட்டு வரும் தண்ணீருக்கு இன்னொரு கேடும் உண்டு. குழாய் வெறுமையாக இருக்கும் நேரத்தில் விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். தொட்டியில் போட்ட பிளீச்சிங் பவுடரின் வீரியமும் கடைக்கோடிக்கு வருமுன் தீர்ந்துவிடலாம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ-கோலி என்னும் மலக் கிருமி ஒன்றுகூட இருக்கலாகாது என்கிறது. எந்தக் குழாயில் அளப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொட்டியடியில் எடுத்த நீரில் தேறும் ஊர், காலனியின் கடைசி வீட்டுக் குழாயில் தோற்கலாம்.

5. வேங்கைவயல்

புதுக்கோட்டை மாவட்டம் முத்துக்காடு ஊராட்சி, வேங்கைவயல். அங்குள்ள சுமார் முப்பது தலித் குடும்பங்களுக்கென்று 10,000 லிட்டர் கொள்ளளவுள்ள மேல்நிலைத் தொட்டி. 2022 டிசம்பரில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து உடல்நலம் கெட்டது. குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்ல, டிசம்பர் 26 அன்று தொட்டியில் ஏறிப் பார்த்தவர்கள் அதில் மனித மலம் கிடப்பதைக் கண்டார்கள்.

அடுத்த நாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்தபோது வேறு உண்மைகளும் வெளிவந்தன. பக்கத்து இறையூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் நம் மக்களுக்கு அனுமதியில்லை. அதிகாரிகள் மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள், வழக்குகள் பதிவாயின. குவளை தனி, கோயில் தனி, தொட்டி தனி. முதல் இரண்டும் அன்றே தீண்டாமை என்று அடையாளம் காணப்பட்டன. மூன்றாவது மட்டும் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஒரு வரியாகவே இருந்தது.

2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. டி.என்.ஏ. பரிசோதனைக்குப் பாதிக்கப்பட்டவர்களிடமே இரத்தம் கேட்கப்பட்டபோது சிலர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று இளைஞர்களையே குற்றம் சாட்டியது. வேங்கைவயல் மக்கள் அதை ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கோரின. யார் செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்லும் இடம் இந்த மேடை அல்ல.

ஆனால் எந்தத் தீர்ப்பு வந்தாலும் மாறாத ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொட்டிக்குச் சாதி முகவரி இருந்தது. அதிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சொட்டும் யார் வீட்டுக்குப் போகிறது என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊர் முழுவதும் குடிக்கும் தொட்டியில் கைவைப்பவன் தன் வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்தே நஞ்சிடுகிறான். தனித் தொட்டியில் கைவைப்பவனுக்கு அந்த அச்சமில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்துவதைத் தனிக் குற்றமாக வகுத்தது. அவர்களுக்கென்று தனி நீர்நிலை இருக்கும், அது தாக்கப்படும் என்பதை அச்சட்டத்தை எழுதியவர்கள் அறிந்தே இருந்தார்கள்.

மகாத்தில் பொதுக் குளத்தை நாம் தொட்டோம். அவர்கள் சாணம் கொட்டினார்கள். வேங்கைவயலில் நாம் எதையும் தொடவில்லை. நமக்கென்று ஒதுக்கப்பட்டதையே குடித்தோம். ஒதுங்கி இருந்தால் நிம்மதியாக இருக்கலாம் என்ற வாக்குறுதி அங்கே முறிந்தது.

6. எது பாதுகாப்பான தண்ணீர்?

நிகழ்வுக்குப் பின் தொட்டிகளுக்குப் பூட்டு, கேமரா, அடிக்கடி சோதனை என்ற பேச்சுகள் எழுந்தன. பூட்டு வேண்டும். சுத்தம் செய்த தேதியைத் தொட்டியில் எழுதினால் மட்டும் போதாது, உண்மையிலேயே சுத்தம் செய்யவும் வேண்டும். பல ஊர்களில் அந்தத் தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பவர்கள் நம் மக்களே. அவர்களுக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் வேண்டும். குளோரின் அளவைக் காலனியின் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்துப் பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரச் சொல்கிறது. அவர்களுள் நம் பெண்கள் இருக்கிறார்களா, சோதனைப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரே ஊராட்சியில் ஊருக்கும் காலனிக்கும் ஒரே தொட்டி வேண்டும். பொதுத் தொட்டி என்றால் வால்வு அவர்கள் கையில், நம் பக்கம் அடைத்துவிடுவார்கள் என்று நம்மவர் அஞ்சுவது நியாயமே. அதற்கான பதில் தனித் தொட்டி அல்ல; வால்வைத் திறக்கும் வேலையில் நம்மவரும் இருப்பது. தண்ணீர் விடும் நேரத்தை எல்லோரும் காண எழுதி வைப்பது. அடைத்தால் வன்கொடுமை வழக்குப் பதிவது. மடையைத் திறந்து ஊருக்கே நீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிய வேலையல்ல.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடும் நாள்களில் ஒன்று. மகாத் நாளுக்கு இரண்டு நாள் பின்னால் வருகிறது. அந்தச் சபையில் மூன்று கேள்விகளைப் பதிவு செய்யுமாறு அமைப்புகளையும் இளைஞர்களையும் கேட்டுக்கொள்கிறோம். நம் ஊராட்சியில் எத்தனை தொட்டிகள், ஒவ்வொன்றும் எந்தத் தெருவுக்கு? காலனியின் கடைசிக் குழாயில் கடைசியாக நீரைச் சோதித்தது எப்போது, முடிவு என்ன? தனித் தொட்டிகளைப் பொது இணைப்பாக மாற்ற என்ன செலவாகும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால், மறுத்ததையும் எழுதி வாங்குங்கள்.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் கேட்டது 'அவ்வாறே' என்ற ஒரு சொல். சாதி இந்துக்கள் எவ்வாறு செல்கிறார்களோ அவ்வாறே. அந்தச் சொல் இன்னும் குழாய்க்குள் வந்து சேரவில்லை.